வந்த வழி

60 டிகிரி செல்சியஸில் இருக்கும் அகர் கெட்டியா, நீரா? வெப்பமானியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொதித்து இறங்கி 60க்கு வந்திருந்தால் அது நீர். பாத்திரத்தைச் சாய்த்தால் ஊற்றும். உறைந்த வில்லையாக இருந்து சூடேறி 60க்கு வந்திருந்தால் அது கெட்டி. கத்தி வைத்தால் வெட்டுப்படும். அதே பாசி, அதே தண்ணீர், அதே அளவு, அதே வெப்பம். எந்தப் பக்கமிருந்து அங்கே வந்து சேர்ந்தது என்பதில் மட்டும்தான் வேறுபாடு.

எல்லாப் பொருளும் இப்படி இருப்பதில்லை. பனிக்கட்டி உருகும் இடமும் தண்ணீர் உறையும் இடமும் ஒன்றே. மாட்டுத்தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினுக்குச் சில டிகிரி இடைவெளி உண்டு. அகருக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய 50 டிகிரி. தண்ணீரில் 1.5 சதவீதம் கரைத்த நல்ல அகர், குளிரும்போது 32க்கும் 40க்கும் இடையில் உறைகிறது. உறைந்தது மறுபடி உருக 85ஐத் தாண்ட வேண்டும். பள்ளி இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படித்தது நினைவிருக்கலாம். காந்தப்புலத்தை நீக்கிய பிறகும் இரும்பில் அதன் சுவடு தங்கும். அகரில் நடப்பதும் ஒருவகைத் தயக்கம்தான், வெப்பத்தின் தயக்கம்.

ஒருவர் இன்று என்னவாக இருக்கிறார் என்பதை அவர் எப்படி இங்கே வந்தார் என்பதிலிருந்து பிரிக்க முடியாது என்று சொன்னால், அது கேட்டுப் பழகிய அறிவுரை. அதையே ஒரு பாசிக்கூழைப் பற்றிச் சொன்னால், ஆய்வகத்தில் அளந்து காட்டக்கூடிய உண்மையாகிவிடுகிறது. அகர் எங்கெல்லாம் பயன்படுகிறதோ அங்கெல்லாம் இந்த 50 டிகிரி இடைவெளிதான் வேலை செய்கிறது. அந்த அகர் நம் கைக்கு வந்த வழியைத்தான் நாம் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டே இருக்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

சிவப்புப் பாசிகளின் செல்சுவரில் இருக்கும் ஒரு நீள்சர்க்கரை அகர். அலை அடித்தாலும் கிழியாமல் வளைந்துகொடுப்பதற்காகப் பாசி அதைக் கட்டிவைத்திருக்கிறது. ஒரே பொருள் போலத் தோன்றினாலும் அது ஒரு கலவை. 1937இல் ஜப்பானிய வேதியியலாளர் சோஜி அராகி அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று அகரோஸ்: மின்னூட்டம் அற்றது, உறையும் வலு முழுவதும் அதில்தான். மற்றொன்று அகரோபெக்டின்: சல்பேட், பைருவேட் போன்ற தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருப்பது, சரியாக உறையாதது.

அகரோஸின் சங்கிலியில் இரண்டு அலகுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று கேலக்டோஸ், பாலிலும் இருக்கும் சர்க்கரை. அடுத்தது அதன் கண்ணாடி பிம்பமான இடக்கை வடிவத்திலிருந்து வந்தது. கூடவே அதன் 3ஆம் கார்பனையும் 6ஆம் கார்பனையும் ஓர் ஆக்சிஜன் பாலம் இணைத்திருக்கும். உயிருலகம் பெரும்பாலும் வலக்கைச் சர்க்கரைகளைத்தான் ஆள்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக இடக்கை அலகு வரும் இந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி நம் உடலில் கிடையாது. நிலத்தில் வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்களிடமும் கிடையாது. தின்றாலும் செரிக்காது, வைத்தாலும் எளிதில் கெடாது.

கொதிநீரில் இந்தச் சங்கிலிகள் தனித்தனியாகச் சுருண்டு அலைகின்றன. குளிரக் குளிர, கயிறு திரிப்பதுபோல இரண்டு இழை முறுக்கிக்கொண்டு புரியாகிறது. புரிகள் பக்கத்தில் பக்கத்தில் படிந்து வடமாகின்றன. வடங்கள் ஒன்றோடொன்று பின்னி வலையாகும்போது, நூற்றில் ஒன்று அகர், மீதி 99 தண்ணீரை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது. இதில் வேதிப்பிணைப்பு எதுவும் புதிதாக உருவாவதில்லை. ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெலிந்த ஈர்ப்புகள் மட்டும்தான், ஆனால் ஆயிரக்கணக்கில். இழைகள் முறுக்கிக்கொள்ள 38 டிகிரி போதும். ஆனால் வடமாகிவிட்ட பிறகு அவற்றைப் பிரிக்க அந்த வெப்பம் போதாது. எல்லாப் பிடிகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுவிக்க வேண்டும். அதற்குத்தான் 85. கூடுவதற்கு ஆகும் விலை வேறு, பிரிவதற்கு ஆகும் விலை வேறு. இடைவெளிக்குக் காரணம் அவ்வளவுதான்.

பாசி எந்த இனம், எந்தப் பருவத்தில் பறித்தது, எவ்வளவு முதிர்ந்தது என்பதெல்லாம் இந்த வலையில் பதிவாகிறது. ஜெலிடியம் இனத்து அகர் 36 டிகிரிப் பக்கம் உறையும். கிராசிலேரியா இனத்து அகரில் மெத்தாக்சில் தொகுதிகள் கூடுதலாக இருப்பதால் 40ஐத் தாண்டியே உறையத் தொடங்கிவிடும். கை தேர்ந்தவர் வெப்பமானியும் கையுமாக நின்றால், எந்தப் பாசி என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

கிராசிலேரியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் இடக்கை அலகுகள் பலவற்றில் ஆக்சிஜன் பாலம் இருக்காது; அந்த இடத்தில் ஒரு சல்பேட் தொங்கிக்கொண்டிருக்கும். சல்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம். மின்னூட்டம் உள்ள இழைகள் ஒன்றையொன்று தள்ளும், சங்கிலியிலும் வளைவு விழும், முறுக்கு ஏறாது. அப்படியே காய்ச்சினால் தளர்ந்த கூழ்தான் வரும். பாசி உயிரோடு இருக்கும்போதே ஒரு நொதி மெதுவாக அந்தச் சல்பேட்டைக் கழற்றிவிட்டுப் பாலம் போடுகிறது. முதிர்ந்த பகுதியில் பாலங்கள் அதிகம், இளந்தளிரில் குறைவு. பாசி பொறுமையாகச் செய்யும் இந்த வேலையைத் தொழிற்சாலை அவசரமாகச் செய்கிறது: காஸ்டிக் சோடாக் கரைசலில் பாசியைச் சில மணி நேரம் சூடாக்குவது. சல்பேட் கழன்று பாலம் விழுகிறது, கூழின் வலு பலமடங்கு கூடுகிறது. இந்தக் காரமுறை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைபெற்ற பிறகுதான் கிராசிலேரியா உலகச் சந்தையில் பெரிய சரக்கானது. அதுவரை அது இரண்டாந்தரப் பாசி.

*

அகர் உலர்ந்த சரக்காக மாறிய கதையை ஜப்பானில் இப்படிச் சொல்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், பெரும்பாலும் 1658 என்று ஆண்டு குறிப்பார்கள், கியோட்டோவை ஒட்டிய ஃபுஷிமியில் மினோயா தாரோசாயெமோன் என்ற விடுதிக்காரர் இருந்தார். சத்சுமாவின் பிரபு தங்கிச் சென்ற ஒரு குளிர்கால இரவில் மிஞ்சிய பாசிக்கூழை வெளியே கொட்டினார். இரவில் உறைந்து பகலில் உருகி, சில நாளில் அது வெளுத்து உலர்ந்த சல்லடைபோலக் கிடந்தது. எடுத்துக் கொதிக்கவைத்தால் மறுபடி கூழ் வந்தது, முன்னைவிடத் தெளிவாக.

கதை எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும், அதிலிருக்கும் வேதியியல் பிசகில்லாதது. கூழ் உறைபனியில் இறுகும்போது தண்ணீர் தனியாகப் பனிப்படிகமாகப் பிரிகிறது. உருகும்போது அந்தத் தண்ணீர் நிறத்தையும் உப்பையும் மணத்தையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வலை மட்டும் மிஞ்சுகிறது. 85ஐத் தொடாததால் அது கரைவதில்லை. நாகானோ மாநிலத்தின் சினோ பகுதியில் இன்றும் குளிர்காலத்து வயல்களில் கூழைப் பரப்பி இப்படித்தான் காயவைக்கிறார்கள். மதுரையில் அந்தப் பனிக்கு எங்கே போவது? இங்கே உறையவைக்கக் குளிர்பதன அறை வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். நாகானோவில் வானம் இலவசமாகச் செய்யும் வேலைக்கு இங்கே மின்கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

*

மதுரை என்று சொன்னது சும்மா இல்லை. இந்தியாவின் அகர் தொழிற்சாலைகள் பல அந்த நகரத்தைச் சுற்றித்தான் வளர்ந்தன. அவற்றுக்குப் பாசி மன்னார் வளைகுடாவிலிருந்தும் பாக் நீரிணைக் கரையிலிருந்தும் வருகிறது. பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடா, மங்காடு, ஏர்வாடி என்று நீளும் ஊர்களில் பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்கள் தொழில். முகக்கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். அவர்கள் கணக்கில் மரிக்கொழுந்துப் பாசிக்கு ஒரு விலை, கஞ்சிப்பாசிக்கு ஒரு விலை, கட்டக்கோரைக்கு ஒரு விலை. தாவரவியலாளர் ஜெலிடியெல்லா அசரோசா என்று எழுதுவது மரிக்கொழுந்து; மெல்ல வளரும், அகர் வலுவாக வரும், விலையும் கூடுதல். கிராசிலேரியா எடுலிஸ் கஞ்சிப்பாசி. கட்டக்கோரை பழுப்புப் பாசி. அதில் அகர் கிடையாது, அல்ஜினேட்தான்.

இந்தக் கடலின் பாசி உலகத்துக்குப் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்கள் யாழ்ப்பாணம், புத்தளம் பக்கத்துக் கிராசிலேரியாவை சிலோன் மாஸ், ஜாஃப்னா மாஸ் என்ற பெயர்களில் நோயாளிகளுக்கான இளகிய உணவாகப் பரிந்துரைத்தன. வெள்ளைக்காரர் மருந்தாகக் கண்டுபிடித்தது, இந்தக் கரையில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்ததைத்தான்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாயின. 1989இல் வளைகுடாவே உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப்பாறையைக் காப்பதற்காக வந்த சட்டம், அந்தப் பாறையோரத்தில் தலைமுறையாகப் பாசி எடுத்தவர்களை ஒரே நாளில் அத்துமீறியவர்களாக்கிற்று. வனத்துறையோடு பல ஆண்டு இழுபறி. அந்த இழுபறியின் நடுவே பெண்கள் தாங்களே கூடி ஒழுங்குகள் வகுத்தார்கள்: மாதத்தில் சில நாட்கள் மட்டும் இறங்குவது, பாறையை இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது, பாசி மறுபடி தழைக்க இடைவேளை விடுவது. 2015இல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்குத் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது இந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான். அடிப்பிடியை விட்டுவைத்துக் கொழுந்தை மட்டும் கிள்ளினால் அதே பாறையில் பாசி மீண்டும் வரும். இதை எந்த ஆய்வறிக்கையும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அவர்கள் கையிலிருந்து கரையில் உலர்த்தும் இடத்துக்கு, அங்கிருந்து ஏஜெண்டின் தராசுக்கு, அங்கிருந்து மதுரைக்கு. ஒவ்வொரு படியிலும் பாசி ஒரு பெயரை இழக்கிறது. மூட்டையாகும்போது ஊர் போகிறது. காரத்தில் வெந்து வெளுக்கும்போது இனம் போகிறது. தூளாகிப் பொட்டலமாகும்போது கடலே போய்விடுகிறது. கூழின் வலு இத்தனை, ஈரம் இத்தனை, சாம்பல் இத்தனை என்று எண்கள் மட்டும் மிஞ்சுகின்றன. இந்த எண்களைக் குறை சொல்லவில்லை, அவை இல்லாமல் வாங்குபவர் நம்பமாட்டார். ஆனால் தான் வந்த வழியை விடாமல் சுமக்கும் ஒரு பொருளின் மேல் வழியைத் துறந்த ஒரு சீட்டை ஒட்டுகிறோம் என்பதில் முரண் இருக்கத்தான் செய்கிறது.

1990களின் நடுவில் மண்டபம் ஊரில் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை ஆய்வுக்காகக் கொண்டுவந்தார்கள். பின்னர் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மகளிர் குழுக்கள் மூங்கில் தெப்பங்களில் அதை வளர்க்கத் தொடங்கின. அது தருவது அகர் அல்ல, காராகீனன். அகரின் உறவுக்காரப் பொருள்தான், ஆனால் சல்பேட் நிறைந்தது. அதிலுள்ள பாலமிட்ட அலகு வலக்கைப் பக்கத்தது. தானாக வலுவாக உறையாது, பொட்டாசியம் துணைக்கு வேண்டும். தெப்பம் பல வீடுகளுக்குக் காசு தந்தது உண்மை. 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் அந்தப் பாசி படர்ந்து மூடியிருப்பது பதிவானதும் உண்மை. எங்கிருந்து வந்தது, வந்த இடத்தில் எதை அண்டி வாழ்ந்தது என்று கேட்காமல் ஓர் உயிரை வேறு கடலில் இறக்கினால் இப்படி நேரும். வேதியியலில் மறந்ததைச் சூழலியல் திருப்பி நினைவூட்டியது.

*

ராமநாதபுரத்துச் சரக்கு ஊர் திரும்புவதும் உண்டு, சைனா கிராஸ் என்ற பெயரில், வெள்ளை இழைகளாக, மளிகைக் கடைப் பொட்டலத்தில். கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் எங்கும் நோன்பு திறக்கும் தட்டில் கஞ்சிக்கும் வடைக்கும் பக்கத்தில் கடல்பாசி இருக்கும். பாலில் செய்தது, இளநீரில் செய்தது, சர்பத் கலந்து சிவப்பாகச் செய்தது. தட்டில் ஊற்றி ஆறவைத்துச் சாய்சதுரமாக வெட்டுவார்கள்.

இந்தப் பண்டம் இந்த ஊர்களில் வேர்விட்டதற்கு மார்க்கம் ஒரு காரணம். எந்த மிருகத்திலிருந்து எடுத்தது என்ற கேள்வி ஜெலட்டினைத் தொடர்ந்துகொண்டே இருக்கும், கடல்பாசியைத் தொடராது. மற்றொரு காரணம் வெப்பம். நோன்பு மே மாதத்தில் வந்தாலும், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும், 38 டிகிரியில் அது உறைந்துவிடும். வெட்டிவைத்தால் மாலைவரை உருகாது. ஜெலட்டின் அந்த அறையில் கடைசிவரை கரைசலாகவே இருக்கும். நாக்கில் அகர் கரையாமல் நறுக்கென்று முறிவதும் இதனால்தான். நம் வாயின் வெப்பம் 37, அதன் உருகுநிலைக்கு வெகு கீழே.

சமைக்கும் பெண்கள் இதில் வரிசை பிசகமாட்டார்கள். முதலில் ஊறவைத்து, வெறும் தண்ணீரில் இழை தெரியாமல் கரையும்வரை காய்ச்ச வேண்டும். 60 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருந்தால் எத்தனை மணி நேரமானாலும் கரையாது. எலுமிச்சையை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் அமிலம் சங்கிலியைத் துண்டாக்கிவிடும், கூழ் நிற்காது. பச்சை அன்னாசிச் சாற்றை ஜெலட்டினில் விட்டால் பழத்தின் நொதி புரதத்தைத் தின்று கரைத்துவிடும். அகரில் தின்னப் புரதம் இல்லை, அது பாட்டுக்கு உறையும். எதை முதலில், எதைப் பின்னால் என்ற இந்த அறிவு அடுக்களையில் இருந்தது. நுண்ணுயிரியலுக்கு அகர் வந்ததும் ஓர் அடுக்களை வழியாகத்தான்.

*

1881இல் வால்டர் ஹெஸ்ஸே என்ற சாக்சனி மருத்துவர், பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் காற்றிலுள்ள நுண்ணுயிர்களை எண்ண முயன்றுகொண்டிருந்தார். அங்கே ஜெலட்டின் கலந்த ஊட்டக்கூழில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். கோடையில் அது உருகி ஓடியது. உருகாத நாளிலும் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீராக்கின. மனித உடலின் நோய்க்கிருமிகளுக்கு வேண்டிய 37 டிகிரியில் ஜெலட்டின் நிற்கவே நிற்காது. அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே ஆய்வுக்கு உதவியாக நுண்ணோக்கிக் காட்சிகளை வரைந்து தந்தவர். வீட்டில் கோடையிலும் உருகாத பழக்கூழ் செய்து வந்தவர். அதில் போடுவது அகர் என்றும், அதையே ஏன் ஆய்வகத்தில் போட்டுப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். ஃபானி நியூயார்க்கில் பிறந்த டச்சு வழியினர். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்ப நண்பர்களிடமிருந்து அந்தப் பக்குவத்தைக் கற்றிருந்தார். ஜாவாவின் அடுக்களையிலிருந்து நியூயார்க், அங்கிருந்து சாக்சனி, அங்கிருந்து பெர்லின்.

1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிய கோக்கின் புகழ்பெற்ற கட்டுரையில் அகர் ஒரு வாக்கியத்தில் வந்துபோகிறது. யார் சொன்னது என்ற குறிப்பு இல்லை. ஐந்து ஆண்டு கழித்துக் கூழை ஊற்றுவதற்கு மூடியோடு ஒரு தட்டை வடிவமைத்த யூலியுஸ் பெட்ரியின் பெயர் உலகிலுள்ள ஒவ்வொரு ஆய்வகத்திலும் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது. தட்டுக்கு வரலாறு கிடைத்தது, தட்டில் இருப்பதற்குக் கிடைக்கவில்லை.

அகர் ஏன் பொருந்தியது என்பதற்கு, அது உருகுவதில்லை என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, தாமதமாக உறைகிறது என்பது. கொதித்த அகர் 45 டிகிரிக்கு இறங்கிய பிறகும் நீராகவே இருக்கும். உயிருள்ள பாக்டீரியாவை அந்நேரம் அதில் கலந்தால் பெரும்பாலானவை சாகா. ஊற்றிச் சற்று நேரத்தில் உறைந்து, ஒவ்வோர் உயிரையும் அதது நின்ற இடத்தில் நிறுத்திவைக்கும். பிறகு 37இல் வைக்கலாம். வெந்நீர் ஊற்றில் வாழ்பவையாக இருந்தால் 60இலும் வைக்கலாம், தட்டு குலையாது. உயிர் தாங்கும் வெப்பத்தில் திரவம், உயிர் வளரும் வெப்பத்தில் திடம். ஒரே பொருள் இரண்டுமாக இருக்க இடைவெளி வேண்டும். தேனி, திருச்சிப் பக்கம் நடும் ஜி-9 வாழையின் திசுவளர்ப்புக் கன்றுகளும் பெரும்பாலும் இப்படியான கூழில்தான் முதலில் தளிர்க்கின்றன.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் எதிரணிக்குப் போனதும் நேச நாடுகளுக்கு அகர் நின்றது. தடுப்பூசி, மருந்து ஆய்வு எல்லாம் அதை நம்பியிருந்ததால் ஆளாளுக்குத் தம் கடலைத் தேடினார்கள். நியூசிலாந்தில் தாவரவியலாளர் லூசி மூர் முன்னின்று, கரையோர மக்களைக் கொண்டு டெரோகிளாடியா பாசியைச் சேகரிக்க ஏற்பாடு செய்தார். பல்லின் அச்செடுக்க அகரைப் பயன்படுத்திய பல்மருத்துவர்கள், அது கிடைக்காமல் போனபோது அல்ஜினேட்டுக்கு மாறினார்கள். இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2015இல் மறுபடி ஒரு தட்டுப்பாடு. ஜெலிடியத்துக்கு உலகம் நம்பியிருந்த மொராக்கோ, பாசி தேய்ந்துவருவதைக் கண்டு அறுவடையை ஆண்டுக்கு 6,000 டன்னுக்கும், ஏற்றுமதியை 1,200 டன்னுக்கும் சுருக்கியது. ஆய்வகங்களில் விலை எகிறியது. அலமாரியில் இருக்கும் வெள்ளைத்தூளுக்கு ஒரு கரை உண்டு, அந்தக் கரைக்கு ஒரு தாங்குதிறன் உண்டு என்பது தட்டுப்பாடு வரும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது.

*

தூய்மை என்று நாம் சொல்வதன் உச்சம் அகரோஸ். அகரிலிருந்து அகரோபெக்டினை நீக்கி, மிஞ்சிய சல்பேட்டையும் முடிந்தவரை ஒழித்து எடுப்பது. 1960களில் ஸ்வீடனில் ஸ்டெல்லன் யர்ட்டேன் போன்றவர்கள் மின்புலத்தில் மூலக்கூறுகளைப் பிரிக்க இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். கூழில் மின்னூட்டம் ஒட்டியிருந்தால் மின்சாரம் பாய்ச்சும்போது தண்ணீரே ஒரு பக்கமாக நகரும், கணக்குக் கெடும். மின்னூட்டமற்ற வலையில் டிஎன்ஏ தன் எதிர்மின்னூட்டத்தால் மட்டும் நகர்கிறது. குட்டைத் துண்டு முந்தும், நெட்டைத் துண்டு பிந்தும். இதிலும் இடைவெளியை விடவில்லை. சங்கிலியில் ஹைட்ராக்சிஎத்தில் தொகுதிகளை ஒட்டி, 30க்குக் கீழே உறைந்து 65இல் உருகும் அகரோஸைச் செய்தார்கள். வேண்டிய டிஎன்ஏ பட்டையை வெட்டி எடுத்து, டிஎன்ஏ இழைகள் பிரியாத வெப்பத்திலேயே கூழை உருக்கிக்கொள்ளலாம். தயக்கத்தையே அளவெடுத்துத் தைத்துவிட்டார்கள்.

அகரை யாராலும் தின்ன முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. 1902இல் ஹாகன் கிரான், அகரைக் கரைக்கும் ஒரு பாக்டீரியாவைக் கடலிலிருந்து பிரித்தெடுத்தார். நிலத்துக்குத்தான் அது அயல் பொருள்; கடலுக்குத் தன் வீட்டுச் சோறு. 2010இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. அகரின் நெருங்கிய உறவான போர்ஃபைரன், நோரிப் பாசியில் இருப்பது. அதை அறுக்கும் நொதி ஒரு கடல் பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. அந்த நொதிக்கான மரபணு ஜப்பானியர் குடலில் வாழும் பாக்டீரியாவில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர் குடலில் இல்லை. தலைமுறை தலைமுறையாக உண்ட பாசியோடு ஒட்டி வந்த கடல் உயிரிடமிருந்து குடல்வாசி அந்த மரபணுவைப் பெற்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பொட்டலம் அழித்த வழியைக் குடல் எழுதிவைத்திருக்கிறது.

வழியை அழிப்பது நன்றி மறத்தல் மட்டுமாக இருந்தால் அதை ஒழுக்கப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடலாம். அது அறிவுப் பிரச்சினையும்கூட. மண்ணிலோ கடல்நீரிலோ நுண்ணோக்கியில் தெரியும் நுண்ணுயிர்களில் நூற்றுக்கு ஒன்றுதான் அகர்த் தட்டில் வளர்கிறது என்பது நுண்ணுயிரியலின் பழைய புதிர். மற்றவை வளர்க்க முடியாதவை என்று பெயர் பெற்றன. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு சின்ன விஷயத்தைச் சோதித்தார்கள். ஊட்டக்கூழில் பாஸ்பேட்டும் அகரும் உண்டு. வழக்கமாக இரண்டையும் சேர்த்தே உயர் அழுத்தத்தில் சூடேற்றிக் கிருமிநீக்கம் செய்வார்கள். அவர்கள் தனித்தனியாகச் சூடேற்றிப் பிறகு கலந்தார்கள். சேர்த்துச் சூடேற்றியபோது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகியிருந்தது, பல உயிர்களை வளரவிடாத நஞ்சு. தனித்தனியாகச் செய்தபோது அதுவரை தென்படாத உயிர்கள் தட்டில் முளைத்தன. உப்பு அதே, அகர் அதே, அளவு அதே. மாறியது வரிசை. எலுமிச்சையை எப்போது பிழிய வேண்டும் என்று தெரிந்த எந்தச் சமையல்காரிக்கும் இது அதிர்ச்சியாக இருக்காது. அறிவியலுக்கு இது தெரிய அகர் ஆய்வகத்துக்குள் வந்து 130 ஆண்டுக்கு மேலாயிற்று. எதையும் தாங்கும், எதிலும் கலவாத நடுநிலைத் தளம் என்று அதை நம்பியிருந்ததால், அது எப்படித் தயாரானது என்று கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. வளராதவை என்று நாம் எழுதிவைத்திருக்கும் நீண்ட பட்டியலில் எத்தனை உயிர்கள் தம் இயல்பால் இடம்பெற்றன, எத்தனை நம் சமையலால் இடம்பெற்றன என்பதை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது.